மூத்தவளின் பெயர்

அத்தியாயம் 17

பெயர் வைக்கப் போய் இரண்டு சம்பந்திகளும் மல்லுக்கு நின்ற கதையைப் போன வாரம் பார்த்தோம். பெண் வீட்டுச் சம்பந்தி யாழ்ப்பாணத்துக் கலாவதிக்கு நட்சத்திரத்துக்கு ஏற்ற எழுத்து வேண்டும், எண்சாத்திரம் சரிவர வேண்டும். பெயருக்குக் கருத்து இருக்கிறதோ இல்லையோ, அது அவருக்குப் பெரிய காரியமில்லை. சென்னையிலிருந்து வந்த கிரிஜாவுக்கோ அம்மன் பெயர்தான் வேண்டும். ஒருவருக்கொருவர் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தபடியே இருவரும் இம்மியும் விட்டுக்கொடுக்காமல் நின்றார்கள்.

கடைசியில் பிள்ளையைப் பெற்ற தக்ஷிகாதான் முடித்து வைத்தாள். கணவன் நவநீத்தின் தங்கை மாதங்கி பெயரைத் தேர்ந்தெடுக்கட்டும், அத்தைக்குத்தானே அந்த உரிமை, என்ன பெயர் என்று தனக்கு முன்கூட்டிச் சொல்லவும் வேண்டாம் என்றுவிட்டாள். மருமகளுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று கிரிஜா பூரித்துப் போனார்.

பெரிய மனசாவது மண்ணாங்கட்டியாவது. அது பயம்.

தக்ஷிகா ஏற்கெனவே ஒரு குழந்தைக்குப் பெயர் வைத்தவள். அந்தக் குழந்தை முப்பத்தொன்று காணவில்லை.

யாழ்ப்பாணத்து வீடுகளில் முப்பத்தோராம் நாள்தான் துடக்கு என்கிற பிறப்புத் தீட்டைக் கழித்து, தலைமயிர் இறக்கி, பிள்ளைக்குப் பெயர் சொல்வார்கள். அதுவரை அது குஞ்சு, செல்லம், ராசாத்தி. எப்படியும் கொஞ்சலாம், பெயர் மட்டும் சொல்லக் கூடாது. அதற்குள் போய்விட்ட பிள்ளை பெயரில்லாமலே போய்விடும். அதற்குப் படம் மாட்டுவதில்லை, திவசம் கொடுப்பதில்லை. வந்து போனதைப் பற்றி வீட்டில் யாரும் பேச்சே எடுப்பதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் நவநீத்தின் அப்பா சுந்தரராஜன் சென்னையில் காலமானார். ஒரே மகன், கொள்ளி வைக்க நவநீத் ஓடினான். வயிற்றுப்பிள்ளையோடு இருந்த தக்ஷிகா லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் தாய் வீட்டில் தங்கினாள். பிறப்புக்கு இன்னும் நாள் கிடந்தது. பிள்ளை அவசரப்பட்டுவிட்டது.

ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த அந்தச் சிறு உயிரைக் கவனித்துக்கொண்டவர் டொலறஸ் என்ற தாதி. மன்னார்க்காரி, ஓய்வு பெறுகிற வயது. பேர் சொல்லிக் கூப்பிடு, அதுக்குக் கேட்கும் என்றார் அவர். முப்பத்தொன்றுக்கு முதல் பேர் வைக்கக் கூடாதாம், அம்மா சொல்கிறா என்று தக்ஷிகா தயங்கினாள். டொலறஸ் விடவில்லை.

"அது நாளுக்குப் பிறந்த பிள்ளையளுக்கு. இவளுக்கு ஒவ்வொரு நாளும் முப்பத்தொண்டுதான், பிள்ளை."

என்னுடைய பெயருக்கு வியாகுலம் என்று கருத்து, நீ நல்ல கருத்துள்ளதாகப் பார்த்து வை என்றும் சொன்னார். தான் லண்டனுக்கு வந்த புதிதில் தனக்கு வேலை பழக்கிய வெள்ளைக்காரத் தாதியைப் பற்றி அப்போதுதான் சொன்னார். அவரின் பெயர் மேபல். அன்புக்குரியவள் என்ற லத்தீன் சொல்லில் பிறந்த பெயர். முதலில் அமபெல் என்று நீளமாக இருந்து, சனங்களின் வாயில் பட்டுத் தேய்ந்து மேபல் ஆயிற்றாம். நூற்றுக்கணக்கான வருடங்களுக்கு முன் இந்த நாட்டில் எத்தனையோ பெண்களுக்கு இருந்த பெயர், பிறகு இல்லாமலே போய்விட்டதாம். விக்டோரியா மகாராணி காலத்தில் மறுபடியும் எழும்பியது. பிறகு அந்தக் காலத்துக் கிழவிகளோடு மறுபடியும் போனது. இப்போது பார், பள்ளிக்கூட வாசலில் தாய்மார் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள் என்றார் டொலறஸ்.

செத்துச் செத்து எழும்புகிற பெயர். தக்ஷிகாவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பெட்டியின் வட்டத் துவாரத்தில் வாயை வைத்து மேபல், மேபல் என்று கூப்பிட்டாள். பிள்ளை விரலை அசைத்தது. அன்றைக்கே சென்னைக்குப் போன் போட்டுச் சொன்னாள். மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக இருந்த நவநீத் அந்தப் பெயரை மெல்ல ஒருமுறை சொல்லிப் பார்த்து, நல்லா இருக்கு என்றான்.

அவன் காரியங்களை முடித்து லண்டன் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. வெள்ளைப் பெட்டியைக் கையில் ஏந்திப் போய் மண்ணில் வைத்தவர் தக்ஷிகாவின் அப்பா குலசேகரம். நவநீத் பிள்ளையின் முகத்தையே பார்க்கவில்லை. அடுத்த சனிக்கிழமை மயானத்துக்குப் போகலாம் என்றான். அந்தச் சனிக்கிழமை வரவே இல்லை.

கலாவதி அழவில்லை, கோபப்பட்டார். குசினியில் பாத்திரம் தேய்த்தபடி, முப்பத்தொண்டு காணாத பிள்ளைக்கு ஏன் பேர் வைச்சனீ, பேர் வைச்சபடியாலதான் கூப்பிட்டுக்கொண்டு போட்டாங்கள் என்றார். துக்கத்தில் வாய்க்கு வந்தது. ஆனால் மகளின் நெஞ்சில் போய்க் குத்திய முள் இன்றுவரை வெளியே வரவில்லை. என்ன பெயர் வைத்தாய் என்று தாய் கேட்கவில்லை. கிரிஜாவுக்கும் மாதங்கிக்கும் குழந்தை தவறிவிட்டது என்ற செய்தி மட்டும்தான் போனது. பெயர் இல்லாத வயதில் போனதற்குப் பெயர் இருந்திருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

இனி இன்றைக்கு, இளையவளின் முப்பத்தோராம் நாளுக்கு, வருவோம்.

ரெய்னர்ஸ் லேனில் தக்ஷிகாவின் வீடு விடியும்போதே அமளிதுமளிப்பட்டது. மகளுக்குப் பிள்ளைப்பேற்றுப் பத்தியமான சரக்குக்கறி சமைத்துக் கொடுக்கவென்று இங்கேயே தங்கியிருக்கும் கலாவதி வீடு முழுக்கக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கிரிஜா காஞ்சிபுரம் பட்டில் தொட்டில் கட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். லண்டன் வீட்டில் உத்தரத்துக்கு எங்கே போவது? நவநீத் உடற்பயிற்சிக்கென்று கதவுச் சட்டத்தில் மாட்டிவிட்டு ஒருநாளும் தொங்காத இரும்புக் கம்பி இருந்தது. அதில் தொட்டில் கட்டினார்கள். வாங்கியதற்கு இப்போதாவது பிரயோசனம் வந்ததே என்று மாதங்கி அண்ணனைச் சீண்டினாள்.

தக்ஷிகா மேல் அறையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பால் கொடுக்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு பழக்கம். குழந்தையின் தலைக்கு மேலாக, யாரோ பக்கத்தில் இருப்பதுபோலப் பேசுவாள். "மேபல், தங்கச்சியைப் பார். உன்னைப்போலத்தான் விரலை வைச்சிருக்கிறாள்." மூத்தவளுக்கு ஒருநாளும் பால் கொடுத்ததில்லை. அதனால் இந்த நேரத்தில் அவளையும் கூப்பிட்டு வைத்துக்கொள்வாள். அது அவளுக்கும் மூத்தவளுக்கும் இடையில் இருக்கிற விஷயம்.

குலசேகரம் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து பிந்தித்தான் வந்தார். வீதியில் சரியான நெரிசல் என்றார். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே குளியலறைக்குப் போய்த் தலை முழுகிவிட்டு வந்தார். இந்தக் குளிரில் வீட்டிலேயே முழுகிவிட்டு வந்திருக்கலாமே என்று கலாவதி முணுமுணுத்தார். வாங்கி வரச் சொன்ன மஞ்சள் செவ்வந்தியும் குறைந்திருந்தது. தொட்டிலுக்கே காணாது, ஒரு வேலையும் உங்களை நம்பிச் சொல்ல ஏலாது என்று புறுபுறுத்தபடியே தொட்டிலில் பூவைச் சுற்றினார். குலசேகரம் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றார். அவர் எப்போதுமே அதிகம் பேசாத மனிதர்.

ஐயர் வந்தார். புண்ணியதானம் செய்து, வீடெல்லாம் தீர்த்தம் தெளித்து, குழந்தையின் தலைமயிர் இறக்கியதும், ஈஸ்ட்ஹாமில் இன்னொரு வீடு காத்திருக்கிறது என்று கிளம்பிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிலர், நவநீத்தின் அலுவலக நண்பர்கள் சிலர் என்று கூடம் நிறைந்திருந்தது. குழந்தையைத் தொட்டிலில் இட்டார்கள்.

மாதங்கி பட்டுச்சேலையில் வந்து நின்றாள். வங்கியில் கணினிப் பிரிவில் வேலை, எதையும் அலசி ஆராயாமல் செய்ய மாட்டாள். அண்ணிக்கு உதவியாக இருக்க லீவு போட்டுவிட்டு வந்து குழந்தையின் துணியெல்லாம் துவைத்துப் போட்டவள் அவள்தான். முகமெல்லாம் சிரிப்பு. பெயரைச் சொல்வதற்கு முன் பெயரின் கதையைச் சொல்கிறேன் என்று தொடங்கினாள். அது இங்கிலீஷ் பெயர்தான், ஆனால் யாரும் முகம் சுளிக்க வேண்டாம், அம்மாவே சம்மதித்துவிட்டாள் என்றாள். கிரிஜாவும் ஆமா என்று தலையாட்டினார். இங்கே பிறந்த குழந்தை, இங்கேயே பள்ளிக்கூடம் போகப் போகிறது, இந்த ஊர்ப் பெயரும் ஒன்று இருக்கட்டுமே என்று சபையைப் பார்த்துச் சொன்னார்.

தக்ஷிகாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். எந்தப் பெயரானால் என்ன, தன் வாயால் வைக்காத பெயர். இந்தப் பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

"அர்த்தத்தைக் கேளுங்க," என்றாள் மாதங்கி. "அன்புக்குரியவள். லத்தீன்லேர்ந்து வந்தது. முதல்ல நீளமா இருந்து சுருங்கின பேரு."

தக்ஷிகா சட்டென்று மாதங்கியின் முகத்தைப் பார்த்தாள்.

இருக்காது என்று நினைத்தாள். எத்தனையோ பெயர்கள் லத்தீனிலிருந்து வந்திருக்கும். மாதங்கி சொல்லிக்கொண்டே போனாள். பல நூறு வருடங்களுக்கு முன் எல்லோரும் வைத்த பெயராம். பிறகு இல்லாமலே போய்விட்டதாம். விக்டோரியா காலத்தில் திரும்பி வந்து, மறுபடி மறைந்து, இப்போது மறுபடி வந்திருக்கிறதாம். இந்த வீடும் ஒரு கஷ்டத்துக்குப் பிறகு மறுபடி சிரிக்கிறது, அதனால் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது என்றாள்.

நிறுத்து என்று சொல்ல வேண்டும். தக்ஷிகா உதவிக்கு ஆள் தேடினாள். எதிரே நின்ற நவநீத்தைப் பார்த்தாள். அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

மாதங்கி வெற்றிலையால் மறைத்துக்கொண்டு குழந்தையின் காதில் மூன்று முறை சொன்னாள். பிறகு நிமிர்ந்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

"மேபல்."

எல்லோரும் கைதட்டினார்கள். அதைவிடக் கொடுமை அடுத்து நடந்தது. பேத்தியின் கழுத்தில் கட்டப் பஞ்சாயுதப் பதக்கத்தோடு காத்திருந்த கலாவதி தொட்டிலின் மேல் குனிந்தார். பெயர் அவருக்குக் கொஞ்சம் புதிதுதான், ஆனால் வாய்க்குச் சுலபமாக வந்தது. அத்தை வைச்ச பேர், ஆயுசோட இருக்கட்டும் என்று வாழ்த்தினார். பிறகு கொஞ்சினார்.

"மேபல்... மேபல் குஞ்சு... அம்மம்மாவைப் பாருங்கோ."

இந்த ஒரு சொல்லைத் தாயின் வாயிலிருந்து கேட்க இரண்டு வருடமாகத் தவம் கிடந்தவள் தக்ஷிகா. ஒருமுறை, ஒரேயொரு முறை, அந்தப் பிள்ளைக்காகச் சொல்லமாட்டாவா என்று ஏங்கியவள். இன்றைக்குச் சொன்னார், வாய் நிறையச் சொன்னார். ஆனால் சொன்னது வேறு பிள்ளையைப் பார்த்து.

"அம்மா," என்றாள். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "அது இவளின்ர பேர் இல்லை. என்ர மூத்தவளின்ர பேர்."

கைதட்டல் எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. வாசல் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. நவநீத் கோட்டு கூடப் போடாமல் வெளியே போய்விட்டிருந்தான். வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லாமல் கொள்ளாமல் விலகினார்கள். பரிமாற வைத்த சோறு அப்படியே ஆறியது.

மாதங்கி தக்ஷிகாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். பாவம், அவள் என்ன செய்வாள்? ஒருநாள் வெந்நீர் கொண்டு மேலே வந்தபோது, அண்ணி பால் கொடுத்தபடி அந்தப் பெயரைச் சொல்வது மட்டும் அவள் காதில் விழுந்திருக்கிறது. பிறகும் இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறாள். குழந்தைக்கு அந்தப் பெயர்தான் அண்ணிக்கு ஆசை, பெரியவர்களுக்குப் பயந்து சொல்லாமல் இருக்கிறாள் என்று நினைத்துவிட்டாள். அண்ணியின் ஆசையை அண்ணிக்கே பரிசாகக் கொடுக்கலாம் என்று தன் தாயைத் தவிர வேறு யாருக்கும் மூச்சுவிடாமல் வைத்திருந்திருக்கிறாள்.

"எனக்குத் தெரியாது அண்ணி," என்றாள் அழுகையோடு. "சத்தியமா தெரியாது. குழந்தைக்குப் பேர் வச்சிருந்தீங்கன்னு அண்ணா கூடச் சொன்னதில்ல."

தக்ஷிகா அவள் தலையைத் தடவினாள். கோபப்பட யாருமே இல்லாத துக்கம் பொல்லாத துக்கம்.

கிரிஜா சுவரில் சாய்ந்து நின்றார். காதில் மூன்று முறை சொன்னதைத் திருப்பி எடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லையே, இப்போது என்ன செய்வது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். போன குழந்தையின் பெயரை இருக்கிற குழந்தைக்கு வைக்கக் கூடாது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை.

பின்னேரம் வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது கலாவதி மேல் அறைக்கு வந்தார். கட்டப்படாத பஞ்சாயுதம் இன்னும் கையிலேயே இருந்தது. மகளுக்குப் பக்கத்தில் கட்டிலில் இருந்தார்.

"நான் வேணுமெண்டுதான் கேக்கேல்லை, பிள்ளை," என்றார். "பேரைக் கேட்டா அப்பிடி ஒரு பிள்ளை இருந்தது எண்டு ஆயிடும். பிறகு நான் எப்பிடித் தாங்குறது?"

"இருந்தவள் அம்மா. விரலை அசைச்சவள்."

கலாவதி தலையைக் குனிந்துகொண்டார். இந்தப் பேரையே இவளுக்கு விட்டுவிட்டால் என்ன, அப்படியாவது வீட்டில் அந்தப் பேர் கேட்குமே என்று மெதுவாகக் கேட்டார். வழக்கம் பார்க்கிற மனுஷி, வழக்கத்தை மீறிக் கேட்டார்.

"அவளிட்ட வேற ஒண்டும் இல்லை அம்மா," என்றாள் தக்ஷிகா. "படம் இல்லை. போட்டுப் பழசான ஒரு சட்டை கூட இல்லை. பேர் மட்டுந்தான் இருக்கு. அதையும் பறிச்சுத் தங்கச்சிக்குக் குடுக்கச் சொல்லுறீங்களோ?"

அப்போதுதான் போன் அடித்தது. நவநீத். தக்ஷிகா அதை எடுத்துக்கொண்டு தாயோடு படியிறங்கிக் கூடத்துக்கு வந்தாள். மாதங்கியும் கிரிஜாவும் ஓடி வந்ததால் எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியைத் திறந்து வைத்தாள். காற்று இரைகிற சத்தம்தான் முதலில் வந்தது.

"தக்ஷி. கல்லறைத் தோட்டத்துல நிக்கிறேன்." அவன் பல் குளிரில் தந்தியடித்தது. "ரயில் ஏறி வந்துட்டேன். அவ எந்தப் பக்கம் இருக்கான்னு தெரியல. அவ முகம் எனக்குத் தெரியாது, இடமும் தெரியாது. பேர் மட்டும்தான் தெரியும்."

தக்ஷிகா சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வழி சொன்னாள். பெரிய பாதையால் நேரே போகச் சொன்னாள். தண்ணீர்க் குழாயடியில் வலப்பக்கம் திரும்பினால் சின்னப் பிள்ளைகளின் இடம், நிலத்தில் காற்றாடிகள் குத்தியிருக்கும் என்றாள். வேலியோரத்து வரிசையில் கடைசிக்கு முந்தினது. போனுக்குள் அவன் காலடிச் சத்தம் கேட்டது. நின்றது. பிறகு ஓர் ஆண்பிள்ளை உடைந்து அழுகிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. கிரிஜா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்.

நெடுநேரத்துக்குப் பிறகு அவன் பேசினான்.

"யாரோ வந்துட்டுப் போயிருக்காங்க தக்ஷி. பூ வச்சிருக்காங்க. மஞ்சள் சாமந்தி. இன்னிக்கு வச்சதுதான், வாடவே இல்ல."

கலாவதி தொட்டிலைப் பார்த்தார். அதே மஞ்சள் பூ அதில் குறைவாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு வாசலைப் பார்த்தார். அங்கே கணவரின் சப்பாத்து கிடந்தது. இரண்டு பக்கமும் ஈர மண் ஒட்டிக் காய்ந்திருந்தது. பெயர் வைக்கிற நாளில் சுடலைக்குப் போய்விட்டு வந்து தலை முழுகிய மனிதர் கூடத்து மூலையில் கைகட்டி நின்றார்.

துடக்கு, தீட்டு என்று ஒரு வார்த்தை கலாவதியின் வாயில் வரவில்லை.

"என்னை ஏன் ஒருநாளும் கூட்டிக்கொண்டு போகேல்லை?" என்று கேட்டார்.

குலசேகரம் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"நீ பேரே கேக்கேல்லை, கலா."

தொட்டிலில் குழந்தை விழித்துக்கொண்டு அழத் தொடங்கியது. தாயும் அம்மம்மாவும் அத்தையும் அதைச் சுற்றி ஓடி வந்து நின்றார்கள். அழாதே என்று கூப்பிடுவதற்கு யாரிடமும் ஒரு பெயர் இல்லை.